வேனை கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்வோம், திருடு போனால் அவனையே திட்டுவோம்

பதிவு கொஞ்சம் நீளம். என் கணக்கு வகுப்பில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவர்கள் இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு உதவி கேட்டிருந்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன், இப்போது ஏசி மெக்கானிக். மஞ்சள் போர்டு ஈகோ வேன் வைத்துப் பிழைக்கிறான். ஒரு ராத்திரி வேனின் தள்ளு கதவை நெம்பி வேக்குவம் பம்ப், டிரில்லிங் மெஷின், செப்புக் குழாய்ச் சுருள், ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். பேட்டரியையும் விட்டுவைக்கவில்லை. யாரிடமாவது பழைய பம்ப் இருந்தால் அவனுக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

பம்ப் வரவில்லை. புத்திமதி வந்தது. "ரோட்டில் ஏன் விட்டான்?" "சரியாகப் பூட்டினானா?" "இந்தக் காலத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா, அத்தை?" ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையையும் போட்டிருந்தார். யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. அவருக்குத் தெரியும்.

ரோட்டில் ஏன் விட்டான் என்று கேட்டீர்கள் அல்லவா? பதில் சொல்கிறேன். அவன் வாடகைக்கு இருப்பது சேலையூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். அதன் வாசலில் "வணிக வாகனங்களுக்கு அனுமதி இல்லை" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். வீட்டு ஓனரின் கார் பார்க்கிங் இடம் காலியாகக் கிடக்கிறது. ஓனர் அனுமதித்தும் சங்கம் விடவில்லை. ஆகவே அவன் இருநூறு மீட்டர் தள்ளி, தெருவிளக்கு எரியாத காலி மனை ஓரத்தில் வேனை நிறுத்துகிறான். அவனாகத் தேடிப் போன இடம் இல்லை அது. நாம் தள்ளிவிட்ட இடம்.

இது ஒரு குடியிருப்பின் கதை மட்டும் இல்லை. கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று எங்கே போனாலும் இதே மாதிரிப் பலகை கண்ணில் படுகிறது. சில சங்கங்களில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருப்பது என் மாணவர்களே. அதனால்தான் பொதுவாகப் பேசாமல் உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் கணக்கு. உங்கள் கார் ஒரு வாரம் ஓடாவிட்டால் என்ன ஆகும்? ஓலாவில் போவீர்கள். அவன் வேன் ஒரு வாரம் ஓடாவிட்டால்? ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் சம்பாதிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாளில் 10,500 போச்சு. திருடு போன கருவிகளைத் திரும்ப வாங்க இன்னும் பல ஆயிரம். இதற்கு நடுவே ஐந்தாம் தேதி இ.எம்.ஐ. வந்து நிற்கும். ஃபைனான்ஸ்காரர் "பம்ப் கிடைத்ததா தம்பி?" என்று கேட்டுவிட்டா பணம் எடுப்பார்? உங்களுக்குக் கார் ஒரு வசதி. அவனுக்கு வேன்தான் கடை, கல்லாப்பெட்டி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். தெருவில் ஒரு மளிகைக் கடையின் ஷட்டரை உடைத்தால் ஊரே கூடி நின்று உச்சுக் கொட்டும். வேனை உடைத்தால் மட்டும் "ஏன் ரோட்டில் விட்டாய்" என்கிறோம்.

சட்டம் நம்மைவிடப் பரவாயில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆனால் 305-ஆம் பிரிவு, சரக்கோ பயணிகளோ ஏற்றும் வாகனத்தைத் திருடினாலும், அதற்குள் இருக்கும் பொருளைத் திருடினாலும் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் திருடுவதற்கும் அதே பிரிவு, அதே தண்டனைதான். வேனையும் வீட்டையும் சட்டம் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. நம் சங்கங்கள்தான் வீட்டை உள்ளேயும் வேனை வெளியேயும் வைக்கின்றன.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இடம் இல்லை, டீச்சர்." பகலில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி பத்து மணிக்குக் கீழே இறங்கி விசிட்டர் பார்க்கிங்கை எண்ணிப் பாருங்கள். காலி இடம் கண்ணுக்குத் தெரியும். வேன்காரர்கள் விடிந்ததும் கிளம்பிவிடுகிறவர்கள். உங்கள் விருந்தாளிகள் வருவதற்குள் இடம் திரும்பக் கிடைத்துவிடும். வாடகை வாங்கிக்கொள்ளுங்கள். தர மாட்டேன் என்று அவன் சொல்லவே இல்லை.

"கண்ட ஆட்களும் உள்ளே வருவார்கள், பாதுகாப்பு போய்விடும்." உள்ளே நிற்கப் போவது உள்ளேயே குடியிருப்பவனின் வேன். அவன் ஆதார் நகல் உங்கள் கோப்பில் இருக்கிறது. நீங்கள் ஏசி ரிப்பேருக்குக் கூப்பிட்டால் அதே வேனில்தான் வருகிறான். பகல் பதினொரு மணிக்கு நல்லவனாக இருந்தவன் ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ட ஆள் ஆகிவிடுவானா?

"பார்க்க நன்றாக இருக்காது, ஃப்ளாட் விலை குறையும்." இதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பொதுச் சாலைதான் அது. ஆனாலும் 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள், பாவம் என்று நாம் எல்லோரும் அவர்கள் பக்கம் பேசினோம். சரிதான். காரைக் காப்பாற்ற மேம்பாலத்தில் நிறுத்தினால் அது நியாயம். வேனைக் காப்பாற்றக் கேட்டுக்குள் இடம் கேட்டால் அழகு கெட்டுவிடுமா?

"அதுதான் ஊரெல்லாம் கேமரா இருக்கிறதே." கேமரா திருடனைப் படம் பிடிக்கும், கையைப் பிடிக்காது. அதிலும் பல வீட்டுக் கேமராக்கள் சொந்த கேட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கின்றன. சில நாள் போனால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். திருட்டு நடந்த அன்றே கேட்டு வாங்காவிட்டால் படமும் இல்லை. உங்கள் கேமராவில் ஒன்றைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பது பெரிய உதவி. ஆனால் கேட்டைத் திறப்பதற்கு அது ஈடு ஆகாது.

"போலீஸ் வேலை அது." போலீஸ் வேலைதான். தாம்பரத்துக்கு 2022 ஜனவரி 1-இல் தனி காவல் ஆணையரகமே வந்தது. ரோந்து கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் எல்லா வேன்களையும் இருட்டில் சிதறவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலர் நிற்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா?

இன்றைய திருடன் முழு வண்டியைத் தூக்க வேண்டியதும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஈகோ வண்டிகளின் சைலன்சரை மட்டும் கழற்றிப் போகும் கும்பல்கள் பிடிபட்டன. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. அதற்காகத்தான். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு பிரியஸ் கார்களில் இதே திருட்டு நடப்பது தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் "இரவில் இந்த வேனில் கருவிகள் இல்லை" என்று கதவில் ஸ்டிக்கரே ஒட்டுகிறார்கள். பேட்டரி, ஸ்டெப்னி, டீசல், கருவிப்பெட்டி என்று பிரித்து எடுத்தால் விற்பதும் சுலபம். இதெல்லாம் நடக்கத் திருடனுக்கு வேண்டியது இருட்டும், யாரும் எட்டிப் பார்க்காத பத்து நிமிடமும்தான். அந்த இரண்டையும் நம் சங்கத் தீர்மானம் அவனுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. பழைய இரும்புக் கடை நடத்தும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: பில் இல்லாத பேட்டரியை எடைக்கு வாங்கும்போது யோசியுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. அதையே வழக்கமாக வைத்துக்கொண்டால் ஆயுள் வரை போகும்.

இனி வேன், குட்டி யானை, ஸ்கூல் வண்டி ஓட்டும் என் பிள்ளைகளுக்கு. உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இடம் கிடைக்கும்வரை சிலவற்றை நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

வேனின் பின்கதவைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். கதவு திறக்க இடமே இருக்கக் கூடாது. ஸ்டீயரிங் பூட்டு, கியர் பூட்டு இரண்டும் போடுங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லிப் பெட்ரோல் பம்ப்புக்கு மறைவாக ஒரு சுவிட்ச் வையுங்கள். பேட்டரிக்கு இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுங்கள். விலை உயர்ந்த கருவியை, கை வலித்தாலும், மாடிக்கு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் பில்லையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கருவியின் மேல் உங்கள் வண்டி எண்ணைக் கீறி வையுங்கள்.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வண்டி திருடு போனதற்கு ஒரு ரூபாய் வராது. முழுக் காப்பீடு எடுங்கள். அதிலும் உள்ளே வைத்த கருவிகளுக்குப் பணம் வராது. அதற்குத் தனியாகக் கேளுங்கள்.

திருடு போனால் அன்றே புகார் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. புதிய நடைமுறைச் சட்டப்படி மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எந்த எல்லையில் நடந்தது என்று சொல்லி உங்களை அலைக்கழிக்கவும் முடியாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். டிராக்டர் திருட்டு வழக்கு ஒன்றில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. "லேட்டாக வந்தாய், கிடையாது" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தவனையும் இருட்டில்தான் நிறுத்தச் சொல்வோம் என்றால் அதில் நியாயம் இல்லை. மாநகராட்சிக்கும் இதில் பங்கு உண்டு. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 70 வார்டுகள். கிளாம்பாக்கத்தில் வெளியூர்ப் பேருந்துகளுக்குச் சுமார் 88 ஏக்கரில் நிலையம் கட்டி 2023 டிசம்பரில் திறந்தார்கள். அத்தனை பெரிய வண்டிகளுக்கு இடம் கண்டுபிடித்த இந்தப் பகுதியில், வார்டுக்கு ஒரு மனையில் வேலி, விளக்கு, ஒரு காவலாளி வைத்து ராத்திரிக் கட்டணத்துக்கு விட முடியாதா? கவுன்சிலரைக் கல்யாண வீட்டில் பார்த்தால் செல்ஃபி எடுக்கிறோம். அடுத்த முறை இதைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

சங்கத்தில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அந்தப் பலகை பொதுக்குழுவில் கை தூக்கி வைத்தது. பொதுக்குழுவிலேயே கை தூக்கி இறக்கலாம். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: இந்தக் குடியிருப்பில் வசிப்பவரின் வேன், இரவு 9 முதல் காலை 6 வரை, காலியான இடத்தில், கட்டணத்துடன் நிற்கலாம். மூன்று மாதம் சோதனையாக நடத்திப் பாருங்கள். யார் எதிர்த்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். பதில் நான் எழுதுகிறேன்.

வேக்குவம் பம்ப் இன்னும் தேவைப்படுகிறது. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. இருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். புத்திமதி போதுமான அளவு வந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
கிழக்குத் தாம்பரம்