பள்ளிக்கூட மைதானம் காலி இடம் இல்லை



நீங்க படிச்ச அரசுப் பள்ளிக்கூடத்து மைதானத்தை ஒருதரம் மனசுல கொண்டு வாங்க. ஓரத்தில் வேப்பமரம், அதுக்குக் கீழ சைக்கிள்கள், நடுவில் புல் முளைக்காத கட்டாந்தரை, அதில் பாதி அழிஞ்ச கபடிக் கோடு. இப்போ அதே மைதானத்தில் இன்னைக்கு என்னென்ன நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க. ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, ஒரு அங்கன்வாடி, ஒரு ரேஷன் கடை, ஏதோ ஒரு திட்டத்தில் கட்டி ஒருநாளும் திறக்காத ஒரு கட்டடம். மிச்சம் இருக்கிற இடத்தில் காலைப் பிரேயருக்குப் பிள்ளைகள் நேராக வரிசையில் நிற்கவே முடியலை.

யாரும் ஒரே ராத்திரியில் மைதானத்தை விழுங்கிவிடுவது கிடையாது. முதலில் நாலு லோடு ஜல்லி வந்து விழும். "ரோடு வேலைக்குத்தான், ஒரு வாரம்" என்பார்கள். அப்புறம் ஒருத்தர் டேப் பிடித்து அளப்பார். அப்புறம் பூமி பூஜை. இதெல்லாம் பெரும்பாலும் மே மாதத்தில்தான் நடக்கும், கவனிச்சிருக்கீங்களா? பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், வாத்தியார்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், கேட்க ஆள் இருக்காது. ஜூன் மாதம் பிள்ளைகள் திரும்பி வரும்போது தூண் எழும்பியிருக்கும். தூண் எழும்பின பிறகு எந்த அதிகாரியும் "நிறுத்து" என்று சொல்ல மாட்டார்.

ஏன் எப்பவும் பள்ளி மைதானம்தான் மாட்டுகிறது? காரணம் எளிமையானது. ஒரு கட்டடத்துக்கு நிதி ஒதுக்கியாச்சு, நிதியாண்டு முடிவதற்குள் கணக்குக் காட்ட வேண்டும், இடம் தேட நேரம் கிடையாது. தனியாரிடம் வாங்கினால் விலை கொடுக்கணும். வேறு புறம்போக்கில் போனால் அங்கே யாராவது குடியிருப்பார்கள், அல்லது செல்வாக்குள்ள ஒருத்தர் வேலி போட்டிருப்பார். பள்ளி மைதானத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வேலி போட்டவர் கிடையாது, நஷ்டஈடு கேட்பவர் கிடையாது. எதிர்த்துப் பேச வேண்டிய தலைமையாசிரியரோ அரசு ஊழியர், மேலதிகாரி சொன்னால் கையெழுத்துப் போட வேண்டியவர். அங்கே விளையாடுகிற பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. கோப்பில் அந்த நிலத்துக்கு வைக்கிற பெயர் "காலி இடம்".

நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள்: "தண்ணித் தொட்டி ஊருக்கு வேணும்தானே? இதை எதிர்த்தா நம்மை வளர்ச்சிக்கு எதிரின்னு சொல்ல மாட்டாங்களா?" நியாயமான கேள்வி. பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒன்றைச் சொல்றேன்.

கேரளத்தில், பத்தனம்திட்டா மாவட்டத்தில் தேவயூர் என்ற ஊர். அங்கே ஒரு அரசு தொடக்கப் பள்ளி. அதன் மைதானத்தில் குடிநீர்த் தொட்டி கட்ட முடிவானது. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பெரிய தலைவர்கள் யாரும் இல்லை, சின்னப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். 2024 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அந்த ஒரு தொட்டியோடு நிற்கவில்லை. எந்தப் பள்ளிக்கு எவ்வளவு பரப்பில் மைதானம் இருக்க வேண்டும் என்று 4 மாதத்துக்குள் வரையறை செய்யச் சொன்னது, அதன்படி மைதானம் வைக்காத பள்ளிகளை மூடுவது வரைக்கும் நடவடிக்கை எடுக்கலாம் என்றது. ஒரு தொடக்கப் பள்ளியின் பெற்றோர் தொடுத்த வழக்கு மாநிலம் முழுக்க உள்ள பள்ளிகளைப் பற்றிய உத்தரவாக மாறியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மார்ச்சில், உச்ச நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு. அரியானாவில் பகவான்பூர் என்ற கிராமம். பள்ளி மைதானத்துக்கான நிலத்தில் சிலர் வீடு கட்டிவிட்டார்கள். "சந்தை விலை வாங்கிக்கொண்டு அவர்களுக்கே கொடுத்துவிடலாம்" என்ற வழியை உயர் நீதிமன்றம் காட்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. மைதானம் இல்லாமல் பள்ளி இருக்க முடியாது என்று சொல்லி, 12 மாதம் அவகாசம் கொடுத்து, காலி செய்யச் சொன்னது. இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் அந்தச் சந்தை விலைதான். பணம் கட்டினாலும் மைதானத்தை வாங்க முடியாது என்பதுதான் அதன் பொருள்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக் கட்டடத்துக்கு என்னென்ன வேண்டும் என்ற இடத்தில், வகுப்பறை, கழிப்பறை, குடிநீரோடு விளையாட்டு மைதானமும் இருக்கிறது. ஆனால் எத்தனை சதுர அடி என்று சொல்லவில்லை. ஓட்டை அங்கேதான். பாதி மைதானத்தைக் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் காட்டி "மைதானம் இருக்கு" என்று எழுதிவிடலாம். தனியார் பள்ளிக்கு மாநகராட்சிப் பகுதியில் 6 கிரவுண்ட், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர் குறைந்தபட்ச நிலம் வேண்டும் என்று கணக்கு வைத்த அரசு, தன் பள்ளிகளின் நிலத்தைத் தானே கூறு போடுவது என்ன நியாயம்?

இன்னொரு சட்டமும் இருக்கு, அதிகம் பேர் கேள்விப்படாதது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கிற திடல்களைப் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சட்டம் வந்து 60 வருஷத்துக்கும் மேலாச்சு. உங்க நகராட்சியில் அந்தப் பட்டியல் இருக்கான்னு போய்க் கேளுங்க. கேட்கிற ஆளே இல்லாததால்தான் அது தூங்குது.

மைதானம் போனால் யாருக்கு அதிக நஷ்டம் என்று ஒரு நிமிஷம் யோசிங்க. பையன்களுக்குக் கண்மாய்த் தரை இருக்கு, அறுவடை முடிந்த வயல் இருக்கு, தெருமுனை இருக்கு. பெண்பிள்ளைக்கு? வயசுக்கு வந்த பிறகு அவள் வெளியே ஓடி விளையாடினால் வீட்டில் கேள்வி, தெருவில் கண்ணு. யாரும் கேள்வி கேட்காமல் அவள் ஓடக்கூடிய ஒரே நிலம் பள்ளிக்கூட மைதானம். அதுவும் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். அதிலும் ஒன்றைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார் (இதுக்குத் தனியாக ஒரு பதிவு எழுதணும்). கண்ணகி நகரில் இருந்து கிளம்பிய கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கத்தோடு திரும்பி வந்தபோது நாம் எல்லாரும் வாழ்த்துப் பதிவு போட்டோம். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பனைக் கிராமத்துப் பள்ளியில் படித்த காலத்தில் உயரம் தாண்டப் பழக்கியவர் ஒரு உடற்கல்வி ஆசிரியர். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வந்தது. வாழ்த்துச் சொல்ல நமக்குத் தெரியுது. அடுத்த பிள்ளை தாண்டிப் பழக வேண்டிய மணல் குழிமேல் சிமெண்ட் கொட்டும்போது எங்கே போகிறோம்?

இதில் நாமும் சுத்தம் இல்லை, அதைச் சொல்லாமல் இந்தத் தலையங்கம் எழுத முடியாது. நம் கட்சிப் பொதுக்கூட்டத்துக்கே எத்தனை பள்ளி மைதானங்களில் மேடை போட்டிருக்கிறோம்! கூட்டம் முடிந்து பந்தக்கால் பிடுங்கின குழியை மூடாமல் வந்திருக்கிறோம். திங்கட்கிழமை காலையில் அந்தக் குழியில் காலை விட்டுச் சுளுக்கிக்கொண்ட பிள்ளை எந்தக் கட்சி? நம் வார்டு உறுப்பினர்கள் சிலரும், நிதி வந்த சந்தோஷத்தில், இடம் எது என்று பார்க்காமல் தீர்மானத்துக்குக் கை தூக்கியிருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரன் செய்தால் ஆக்கிரமிப்பு, நாம் செய்தால் வளர்ச்சி என்று பேச முடியாது தோழர்களே.

சிக்கலான கேஸ் ஒன்று உண்டு. கூடுதல் வகுப்பறை. பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது வகுப்பறை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் பழைய ஓட்டுக் கட்டடம் இடிந்து கிடக்கிற இடம் சும்மா இருக்கும்போது மைதானத்தின் நடுவில் ஏன் அஸ்திவாரம் தோண்டணும்? இருக்கிற கட்டடத்துக்கு மேல் ஒரு மாடி எழுப்ப முடியுமா என்று பொறியாளரைக் கேட்டார்களா? இடிக்கச் செலவாகும், அனுமதிக்கு நாளாகும், மைதானம் என்றால் நாளைக்கே வேலை தொடங்கலாம். இந்தச் சோம்பேறித்தனத்தைத்தான் எதிர்க்கிறோம். எல்லா வழியும் பார்த்த பிறகு வேறு வழியே இல்லை என்றால், ஓரத்தில் கட்டட்டும். கோ-கோவுக்கும் கபடிக்கும் ஓட்டத்துக்கும் இடம் விட்டுக் கட்டட்டும்.

சரி, நாம் என்ன செய்யணும்?

முதலில் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்க. நிறையப் பள்ளி மைதானங்கள் ஒரு காலத்தில் ஊர்ப் பெரியவர் யாரோ வாயால் சொல்லிக் கொடுத்த நிலம். தானப் பத்திரம் பதிவு ஆகியிருக்காது. பதிவு ஆகாத நிலதானம் சட்டத்தின் முன் நிற்காது. தாத்தா கொடுத்தார், பேரன் வந்து கம்பி வேலி போடுகிறார். இன்னும் சில இடங்களில் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற திடல், பதிவேட்டில் வெறும் புறம்போக்காகவே கிடக்கும். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஏ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பாருங்க, புலப்படத்தில் எல்லையைப் பாருங்க. அரசின் இணையதளத்திலும் பார்க்கலாம். பள்ளி என்று இல்லாவிட்டால், வகைமாற்றம் கேட்டு வட்டாட்சியருக்கு இன்றைக்கே மனு கொடுங்க. ஜேசிபி வந்து நின்ற பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் நேரம் பத்தாது.

அடுத்தது, பள்ளி மேலாண்மைக் குழு. பல பேர் இதை டீ, பிஸ்கட் கூட்டம் என்று நினைக்கிறார்கள். சட்டப்படி அதில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டியதே அந்தக் குழுதான். "இந்த மைதானத்தில் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத கட்டடம் கூடாது" என்று அவர்கள் ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு தலைமையாசிரியருக்கும் அது ஒரு கேடயம். "நான் எதிர்க்கலைங்க ஐயா, குழு தீர்மானம் இருக்கு" என்று அவர் சொல்லிக்கொள்ளலாம்.

கட்டடம் வரப்போகுதுன்னு காற்றுவாக்கில் சேதி வந்தால் காத்திருக்காதீங்க. 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்க. எந்தத் திட்டம், எந்த சர்வே எண், மாற்று இடம் பார்க்கப்பட்டதா, யார் இசைவு கொடுத்தது. 30 நாளில் பதில் தரணும். பதில் வருகிறதோ இல்லையோ, கேள்வி கேட்கிற ஆள் இந்த ஊரில் இருக்கான் என்பது அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும்.

எதிர்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீங்க. மாற்று இடத்தின் சர்வே எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்க. "தொட்டி வேண்டாம்" என்று சொன்னால் நாளைக்குக் குடத்தோடு நிற்கிற பெண்களையே நமக்கு எதிராக நிறுத்துவார்கள். "தொட்டி வேணும், இதோ இந்த இடத்தில் வேணும்" என்று சொல்லுங்க. அந்தப் பெண்களும் நம்மோடு நிற்பார்கள், அவங்க பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தானே படிக்கிறார்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சலித்துக்கொள்கிற தோழர்களுக்கு 2003 ஞாபகம் இருக்கலாம். மெரினாவில் ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்ட அன்றைய அரசு முடிவு செய்தது. சாதாரண ஆட்சியா அது! ஆனாலும் மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்தார்கள், அசையவில்லை. கட்சிகள் பின்னால்தான் வந்தன, முதலில் உட்கார்ந்தது பெண்பிள்ளைகள். தலைமைச் செயலகம் அங்கே வரவில்லை. 1914-ல் தொடங்கிய கல்லூரி இன்றைக்கும் கடற்கரையைப் பார்த்து அதே இடத்தில் நிற்கிறது.

இந்த வருஷமும் மே 1 அன்று கிராம சபை கூடும். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிற அதே மாதம். ஒவ்வொரு ஊராட்சியிலும் நம் தோழர்கள் இரண்டு பேராவது, பெற்றோர்களைக் கூட்டிக்கொண்டு போய், உங்க ஊர்ப் பள்ளி மைதானத்தின் சர்வே எண்ணையும் பரப்பையும் சொல்லி, அதில் வேறு கட்டடம் கூடாது என்ற தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றுங்க. வாயால் பேசிவிட்டு வராதீங்க, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுகிற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. எழுதின பக்கத்தைப் போட்டோ எடுத்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்க. நகரத்துத் தோழர்கள் அவங்கவங்க வார்டில் 1959 சட்டத்தின் பட்டியலைக் கேட்டு மனு கொடுத்து, அதன் நகலை அனுப்புங்க.

போற வழியில் பழைய பந்தக்கால் குழி ஏதாவது கண்ணில் பட்டால், அதையும் மூடிட்டுப் போங்க.