அட்டையில் வேண்டாம், மரத்தில் கட்டுவோம்

எங்கள் விழா மண்டபங்களில் அன்னபூரணி அம்மாள் அட்டையிலும் ரெஜிபோமிலும் வந்து போகிறாள். விழா முடிந்ததும் குப்பைப் பைக்குள் போய்விடுகிறாள். பேச்சாளர் மட்டும் சளைப்பதில்லை: வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டிய 89 அடிக் கப்பல், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டரைத் தொட்டது, நாங்கள் கடலோடிப் பரம்பரை. கைதட்டல். பிறகு கொத்து ரொட்டி.

அந்தக் கப்பலை வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டிய வில்லியம் அல்பேர்ட் ராபின்சனின் மிச்சக் கதையை யாரும் சொல்வதில்லை. அதே 1938இல் மசாசூசெட்ஸின் இப்ஸ்விச்சில் அவருடைய பட்டறையிலிருந்து 'சுவிஃப்ட் ஒஃப் இப்ஸ்விச்' என்ற பாய்மரப் படகு இறங்கியது. 18ஆம் நூற்றாண்டுக் கப்பலொன்றின் வரைபடத்தை ஹோவர்ட் சாப்பெல் சிறிதாக்கிக் கொடுக்க, புது மரத்தில் கட்டினார்கள். நடிகர் ஜேம்ஸ் காக்னி அதைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். பின்னாளில் லொஸ் ஏஞ்சலிஸ் பிள்ளைகள் அதில் கடல் படித்தார்கள்.

வரைபடம் இருந்தது, அதனால் முடிந்தது. எங்கள் மேத்திரிமார் கண்ணளவில் கட்டினார்கள் என்பதை நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அது பயத்தைத்தான் தருகிறது. கண்ணளவு ஆளோடு போய்விடும். போரும் கடல் தடையும் போதாக்குறைக்குக் கைகளையும் கலைத்துவிட்டன.

"டீட்டிகோனில் இருந்துகொண்டு கப்பலா?" என்று ஒருவர் கேட்டார். ஏன் கூடாது? ரயிலில் கால் மணி போனால் சூரிச், அங்கே ஏரி. இந்த நாட்டில் படகு கட்டுவது நான்கு ஆண்டுத் தொழிற்பயிற்சி. ஆனால் வங்கியும் மருத்துவமும் தவிர்ந்த எதுவும் எங்கள் வீடுகளில் தொழிலாகக் கணக்கில் வருவதில்லை!

நான் கேட்பது நாலில் ஒன்று, அதாவது 22 அடி. அப்படியே சுருக்கினால் கவிழும். நீளம் நாலில் ஒன்றானால் பாய்ப்பரப்பு 16இல் ஒன்று, எடையோ 64இல் ஒன்று. ஆகவே பாயைக் குறைத்து அடிப்பாரத்தைக் கணக்கிட ஒரு வடிவமைப்பாளர் வேண்டும், அவருக்குச் சம்பளமும் வேண்டும். அதற்கு முன் புகைப்படங்களைச் சேர்த்து, வல்வெட்டித்துறை முதியவர்களைக் கேட்டு, வளைவுகளைத் தாளில் இறக்க வேண்டும். அடுத்த விழாவின் மண்டப வாடகையை இதற்குத் தாருங்கள். பேச்சாளரும் ஒருமுறை ஓய்வெடுக்கட்டும்.