பிழை விட்டாலும் கைவிடாத எண்

"சேர், இது பரீட்சைக்கு வருமா?"

கணித பாடவேளையில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வராது என்றால் கொப்பி மூடப்படும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படிக் கேட்கப் பழக்கியவர்கள் நாம்தான்.

பரீட்சைக்கு வராத ஒன்றை இன்று சொல்கிறோம். ஒரு பேனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது நான்கு இலக்கங்களை எழுதுங்கள். நான்கும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் ஓர் எண், சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் இன்னோர் எண். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வரும் விடையையும் அப்படியே செய்யுங்கள். விடையில் இலக்கம் குறைந்தால் முன்னால் பூச்சியம் போடுங்கள்.

2010இல் பிறந்த பிள்ளை தன் பிறந்த வருடத்தை எடுத்தால்:

2100 − 0012 = 2088
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174

இனி 7641 − 1467. மீண்டும் 6174! எங்கே தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கேதான் வந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் பேராசிரியர் அல்ல. மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த டி. ஆர். கப்ரேகர். 1949இல் மதராஸில் நடந்த கணித மாநாட்டில் இதைச் சொன்னார். பலர் வெறும் விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் என்ற அமெரிக்கர் எழுதிய பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அவர் ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இன்று 6174க்குப் பெயரே கப்ரேகர் மாறிலி.

நமக்கு இந்த எண் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. ருவான்வெல்லையில் இறப்பர் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையானாலும் சரி, கடைத்தெருவிலிருந்து வரும் பிள்ளையானாலும் சரி, பயம் ஒன்றுதான். ஒரு வரி பிழைத்தால் முழுக் கணக்கும் போய்விடும், சிவப்புப் பேனைக் கோடு விழும். 6174 அப்படியல்ல. இடையில் பிழை விட்டாலும், நான்கும் ஒரே இலக்கமாகாத வரை, அந்தப் பிழையான விடையிலிருந்தே சரியாகக் கழித்துக்கொண்டு போனால் இங்கேயே வந்துவிடலாம். "எனக்குக் கணக்கு வராது" என்று கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையும் முதல் வாங்குப் பிள்ளையும் ஒரே விடையில் சந்திக்கிறார்கள்.

இது மாயமுமல்ல. முதல் விடையைத் தீர்மானிப்பவை இரண்டு வித்தியாசங்கள்தான். மிகப் பெரிய, மிகச் சிறிய இலக்கங்களின் வித்தியாசத்தை 999ஆல் பெருக்குங்கள். நடு இரண்டின் வித்தியாசத்தை 90ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 2010க்கு 1998 + 90 = 2088. இப்படிப் பார்த்தால் 9990 தொடக்கங்களும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் அடங்கிவிடும். 27 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு பாடவேளைக்குள் வகுப்பே இதை நிறுவிவிடும். கழித்தல் பயிற்சி கேட்காமலே நடந்துவிடும்.

பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாதுதான், தெரியும். ஆனாலும் தவணைக்கு ஒரு பாடவேளையைப் புள்ளியும் சிவப்புப் பேனையும் இல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். இன்ஷா அல்லாஹ், "வருமா?" என்று கேட்ட பிள்ளை "ஏன் இப்படி வருது சேர்?" என்று கேட்கும். நாம் காத்திருப்பது அந்தக் கேள்விக்காகத்தானே.