குட்டி ராடு

ஜீப் ஜாதி வண்டிகளில் கியர் ராடுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி ராடு நிற்கும், பார்த்திருப்பீர்கள். பின் சக்கரங்கள் மட்டும் உழைத்தது போதும், முன்னால் இருப்பவையும் கொஞ்சம் உழைக்கட்டும் என்று உத்தரவு போடுகிற ராடு அது. இதற்காகவே கூடுதலாகப் பணம் கொட்டி வண்டி வாங்கி, அதைத் தொடாமலே தவணையைக் கட்டி முடிக்கிற ஆசாமிகள் என் நட்பு வட்டத்திலேயே மூன்று பேர். அதில் ஒருவரின் வண்டி இதுவரை ஏறிய மிகப்பெரிய பாறை, அண்ணா நகரில் ஒரு ஸ்பீட் பிரேக்கர்.

அவரையும் சேர்த்து ஒன்பது பேர் போன ஜனவரியில் கொழுக்குமலைக்குப் போனோம். மலை நம்முடையது, தேனி மாவட்டம். வண்டிப் பாதையோ கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிறது. நம் வீட்டு மொட்டை மாடிக்குப் பக்கத்து வீட்டுப் படி வழியாகப் போகிற கதை. சுமார் 7,900 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம், பழைய ஃபாக்டரி. தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஜீப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாதை என்று சொல்வதே ஒரு மரியாதைக்கு. லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டிவிட்டு, 'தார் வாங்கிட்டு வரோம்' என்று போனவர்கள் திரும்பி வராத மாதிரி இருக்கிறது.

தன் வண்டியிலேயே ஏறுவதாகத்தான் நண்பரின் பிளான். கையுறைகூட வாங்கியிருந்தார். கீழேயே மறித்துவிட்டார்கள்.

"உள்ளூர் ஜீப்புதான் சார் போகும்."

"என் வண்டியும் ஃபோர் வீல்தாங்க!"

"வண்டி போயிரும் சார். அது பிரச்னை இல்லை" என்றார் டிரைவர் அண்ணன், மிச்சத்தைச் சொல்லாமல்.

விடியற்காலை நாலரை மணி இருட்டில் இரண்டு ஜீப்பில் கிளம்பினோம். முன் சீட்டில் நானும் நண்பரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கல்லைக் கண்டால் விலகு என்றுதான் நமக்கெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருகிறார்கள். அண்ணன் நேர்மாறு. இருப்பதிலேயே துருத்திக்கொண்டு நிற்கிற கல்லாகப் பார்த்து அதன் தலையில் டயரை ஏற்றினார்.

"அண்ணே, கல்லு!" என்று நண்பர் அலறினார்.

"பார்த்துட்டேன் சார். நடுவுல விட்டாத்தான் கீழ அடிக்கும்."

விஷயம் இதுதான். அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் பானை மாதிரித் தொங்குகிறது. வண்டியின் வயிற்றிலேயே தாழ்ந்த இடம். டயர் கல்மேல் ஏறினால் பானையும் கூடவே உயர்ந்துவிடும். கல்லை நடுவில் விட்டால் பானை உடையும்.

குட்டி ராடை 'லோ'வில் போட்டு முதல் கியரில் விட்டார். வேகம் குறைகிற அளவுக்கு இழுவை கூடுகிற ஏற்பாடு. பாட்டி ஒருத்தி கூட நடந்து வந்திருந்தால் எங்களை முந்தியிருப்பாள்.

"இவ்வளவு மெதுவாவா?"

"வேகமாப் போனா, கல்லு நம்மள ஓட்டும் சார்."

கட்டை விரல்களை ஸ்டியரிங்குக்கு உள்ளே கொடுக்காமல் மேலேயே வைத்திருந்தார். சக்கரம் கல்லில் இடித்து ஸ்டியரிங் சடாரென்று சுழன்றால், உள்ளே இருக்கிற விரல் போச்சு. நண்பர் ஓசைப்படாமல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

வண்டிக்கு இன்னும் ஒன்றரை வருஷத் தவணை பாக்கி என்றார் அண்ணன். பி.காம். படித்த தோஷம், நான் மனசுக்குள் தேய்மானம் போட ஆரம்பித்தேன். வருமான வரிக் கணக்கில் தொழிலுக்கு வைத்திருக்கும் காருக்கு 15 சதவீதம், வாடகை வண்டிக்கு 30. விதி எழுதியவர் இந்த வழியாக ஒரு தடவை வந்திருந்தால் 60 கொடுத்திருப்பார்.

சூரிய உதயத்தை வர்ணிக்க ஊரில் ஆள் இருக்கிறார்கள். நான் டீ குடித்தேன்.

இறங்கும்போதுதான் வினை. ஒரு வளைவில், லேட்டாகக் கிளம்பிய ஜீப் ஒன்று எதிரே ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அண்ணன் ரிவர்ஸ் எடுத்தார். இடது பக்கம் சுவரும் இல்லை, கம்பியும் இல்லை, பனி மட்டும். திடீரென்று ஓரத்துக் கல் உருண்டது. இடது பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது.

"எல்லாரும் வலது பக்கமா மெதுவா இறங்குங்க."

இறங்கினோம். அவர் இறங்கவில்லை.

உடனே ஐந்து பேரும் ஆளுக்கொரு திசை சொன்னோம். லெஃப்ட் ஒடி, ரைட் ஒடி, முன்னால, பின்னால... அண்ணன் இன்ஜினை அணைத்தார்.

"யாராச்சும் ஒரே ஆள் சொல்லுங்க சார்."

யாருக்கும் வாய் வரவில்லை. எதிர் ஜீப்பிலிருந்து ஒரு பையன் இறங்கி வந்தான், இருபத்திரண்டு வயசு இருக்கும். அண்ணன் கண்ணுக்குப் படுகிற இடமாகப் பார்த்து நின்று, ஒரு கையைத் தூக்கினான். பேசவே இல்லை.

தொங்கிய சக்கரம் சும்மா சுழன்றது. டிஃபரன்ஷியலின் குணம் அப்படி. எந்தப் பக்கம் பாரம் இல்லாமல் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சக்தி ஓடும். (உங்கள் ஆபீஸில் வேலை செய்யாதவருக்கே இன்க்ரிமென்ட் போகுமே, அந்த மாதிரி.) இனி முன் சக்கரங்கள்தான் கதி. பையன் விரலை மடக்கினான். முன் டயர்கள் கல்லைக் கவ்வின. அரை அடி. கை நின்றது, வண்டியும் நின்றது. மறுபடி விரல். பின் சக்கரம் கறகறவென்று தரைக்கு வந்தது. பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து மலையை ஒட்டி ரிவர்ஸ். நண்பர் என் கையைப் பிடித்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

"வரேன்டா" என்றார் அண்ணன். "சரிண்ணே" என்றான் பையன். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

சூரியநெல்லி வந்ததும் அண்ணன் டார்ச்சோடு ஜீப்புக்கு அடியில் புகுந்து தடவிப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணும் ஆகலை."

"ஒரு நாள் எனக்குக் கத்துத் தருவீங்களா அண்ணே?" என்றார் நண்பர்.

அண்ணன் அவர் கையைப் பார்த்தார். "தரேன் சார். க்ளவுஸை மட்டும் கழட்டிட்டு வாங்க."

அடுத்த டிரிப்புக்கு ஆறு பேர் காத்திருந்தார்கள். ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.