வீட்டுப் பள்ளி நடத்தும் அம்மா: 20 வருட உழைப்பு யார் கணக்கில்?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது பற்றி விவாதம் கிளம்பினால், இரண்டு தரப்புதான் மேடை ஏறும். 'எங்கள் பிள்ளை எப்படிப் படிக்க வேண்டும் என்று நாங்கள்தான் முடிவு செய்வோம்' என்பார்கள் பெற்றோர். 'வீட்டுக்குள் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று யாராவது பார்க்க வேண்டாமா?' என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்தச் சண்டையில் ஒருவரைப் பற்றி மட்டும் பேச்சே வருவதில்லை. தினமும் பாடம் நடத்துகிற அம்மா.

சட்டத்தில் 'பெற்றோர்' என்று இருக்கும். நடைமுறையில் பெரும்பாலும் அது அம்மாதான்.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

கிறிஸ்தவக் குடும்பங்களில் வழக்கமான காட்சி இது. காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்ததும் அதே மேஜையில் பைபிள் வாசிப்பு, ஜெபம். பிறகு மூத்தவனுக்கு அல்ஜீப்ரா, அடுத்தவளுக்கு இலக்கணம், மடியில் இருக்கிற கடைக்குட்டிக்கு எழுத்து. ஒருவன் கணக்குப் போடும் நேரத்தில் இன்னொருத்தியை சத்தமாக வாசிக்க வைக்க வேண்டும். நடுவில் துணி துவைக்கணும், மதியத்துக்குச் சமைக்கணும்.

அபேகா, பாப் ஜோன்ஸ் போன்ற கிறிஸ்தவப் பதிப்பகங்களின் பாடநூல்களை வாங்கி நடத்துபவர்கள் ஒரு வகை. 1923-ல் காலமான இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் வழியில் போகிறவர்கள் இன்னொரு வகை. சின்னச் சின்ன பாடவேளை, நல்ல புத்தகம், படித்ததைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது என்று அது போகும் (நம்ம ஊர்ப் பள்ளிகள்கூட எடுத்துக்கொள்ளலாம்). வாரத்தில் ஒரு நாள் சர்ச் ஹாலில் பல குடும்பங்கள் கூடும். ஒரு அம்மா வேதியியல் எடுப்பார், இன்னொருவர் பாட்டு சொல்லித் தருவார்.

நான்கு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், மூத்த பிள்ளைக்கு முதல் எழுத்து சொல்லித் தருவதில் தொடங்கி, கடைசிப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை சுமார் 20 வருடம் ஆகிவிடும்.

இது எப்படி ஆரம்பித்தது?

ஆரம்பத்தில் இது சர்ச் விவகாரமே இல்லை. பள்ளிகள் மேல் நம்பிக்கை இழந்த ஜான் ஹோல்ட் 1977-ல் இதற்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். அவருக்கு மத நோக்கம் எதுவும் கிடையாது. 1980-களில்தான் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் பெரும் அளவில் வந்தார்கள். 1983-ல் இவர்களுக்காக வாதாட ஹெச்.எஸ்.எல்.டி.ஏ. என்ற சட்டப் பாதுகாப்பு அமைப்பு உருவானது. 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமானது. கொரோனா வந்த 2020-ல், அரசின் கணக்கெடுப்பில் வீட்டில் படிக்க வைப்பதாகச் சொன்ன குடும்பங்கள் 5.4 சதவீதத்திலிருந்து சில மாதங்களில் 11.1 சதவீதமாக உயர்ந்தன. மதம் காரணம் இல்லாதவர்களும் அதில் ஏராளம்.

கிறிஸ்தவக் குடும்பங்கள் காட்டும் ஆதாரம் உபாகமம் 6-ஆம் அதிகாரம். வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் கர்த்தரின் வார்த்தையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிறது அது. அம்மாவுக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம்

அமெரிக்காவில் அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியை, ஒருவர் அதிகம் சம்பாதித்த 35 வருடங்களின் சராசரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். சம்பாதிக்காத வருடத்துக்குப் பூஜ்யம். சொந்தப் பெயரில் ஓய்வூதியம் வேண்டும் என்றால் குறைந்தது 10 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் பாடம் நடத்திய 20 வருடமும் இந்தக் கணக்கில் பூஜ்யம்தான். கணவருடைய ஓய்வூதியத்தில் அதிகபட்சம் பாதி வரை மனைவிக்கு வரும். விவாகரத்து ஆனால், திருமணம் 10 வருடமாவது நீடித்திருக்க வேண்டும். 9 வருடத்தில் முறிந்தால் அதுவும் போச்சு. இதைவிட மோசம் உடல் முடங்கினால் வரும் உதவித்தொகை. பொதுவாக, கடைசி 10 வருடத்தில் 5 வருடமாவது சம்பள வேலை செய்திருந்தால்தான் அது கிடைக்கும். பாடம் நடத்தும் அம்மா படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும். ஆனால் அரசுப் பதிவேட்டில் அவர் வேலையே பார்க்காதவர்.

எல்லா இல்லத்தரசிகளுக்கும் இதே கதிதானே என்று கேட்கலாம். பாதி சரி. ஆனால் கடைசிப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் மற்ற அம்மாக்கள் பகுதி நேர வேலையாவது தேட முடிகிறது. இவருக்கு அந்தக் கதவு திறப்பதற்குள் வயது ஐம்பதை நெருங்கிவிடும். தவிர, ஒரு பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் வருடத்துக்குச் சராசரியாக 10,000 டாலருக்கு மேல் செலவாகும். அந்த வேலையை இவர் இலவசமாகச் செய்கிறார். 2022 முதல் அரிசோனா மாநிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்விக் கணக்கில் சுமார் 7,000 டாலர் தருகிறது. புத்தகம் வாங்கலாம், டியூஷன் வைக்கலாம். பாடம் நடத்தும் சொந்த அம்மா அதிலிருந்து சம்பளம் எடுத்துக்கொள்ள முடியாது.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனியில் பிள்ளை வளர்க்கும் காலத்துக்கு, ஒரு பிள்ளைக்கு 3 வருடம் வரை, ஓய்வூதியக் கணக்கில் வரவு வைக்கிறார்கள். அதே ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்குத் தடை. 2019-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஜெர்மனி பக்கமே நின்றது. ஒரு நாட்டில் உரிமை இருக்கு, வரவு இல்லை. இன்னொரு நாட்டில் வரவு இருக்கு, உரிமை இல்லை. பராமரிப்பு வருடங்களைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அமெரிக்க காங்கிரஸிலும் பலமுறை மசோதா வந்துவிட்டது. எதுவும் சட்டமாகவில்லை.

அன்னையர் தினத்தில் இந்த அம்மாக்களுக்குப் பூ கொடுத்து, நீதிமொழிகள் 31-ல் வரும் 'குணசாலியான ஸ்திரீ' என்று சர்ச்சுகள் பாராட்டும். அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தால், அந்தப் பெண் நிலம் வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள், துணி நெய்து விற்கிறாள். அவளுடைய உழைப்பின் பலனை அவளுக்கே கொடுங்கள் என்றுதான் அதிகாரம் முடிகிறது. பாராட்டுகிறவர்கள் இந்தப் பகுதியையும் பிரசங்கம் செய்யணும்.

காங்கிரஸ் அசையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டாக வரி தாக்கல் செய்யும் தம்பதியில், கணவரின் வருமானத்திலிருந்தே சம்பாதிக்காத மனைவி பெயரில் தனி ஓய்வூதியக் கணக்குக்குப் பணம் போட முடியும். 'ஸ்பௌசல் ஐ.ஆர்.ஏ.' என்று பெயர். பணம் அவர் பெயரில், அவர் கையில். 1996-ல் வந்த சட்டத்துக்கு முன்பு வருடத்துக்கு 250 டாலர்தான் கூடுதலாகப் போட முடிந்தது. இப்போது சம்பாதிப்பவருக்கு உள்ள அதே உச்சவரம்பு இவருக்கும் உண்டு. ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டில் முழுத்தொகையும் போட முடியாதுதான், முடிந்ததைப் போடலாம். ஒரு வருடத்துக்கான பணத்தைக் கட்ட அடுத்த வருடம் ஏப்ரல் நடுவில், வரி தாக்கலின் கடைசி நாள் வரை அவகாசம் உண்டு.