காணாமல் போகாத கோப்பு

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் தொடங்கி ஐடி நிறுவனங்களின் பயிற்சி வகுப்பு வரை ஒரு வைத்தியம் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. புதிதாகக் கம்பைலரோ பைத்தானோ இன்ஸ்டால் செய்தவருக்குத் திரையில் ஒரு பெட்டி வருகிறது: இன்ன கோப்பு இல்லை, அதனால் நிரலைத் தொடங்க முடியவில்லை. உடனே பக்கத்து இருக்கையிலிருந்து யோசனை வந்துவிடும். அந்தப் பெயரைக் கூகுளில் போடு, டவுன்லோடு பண்ணு, சிஸ்டம்32-க்குள் போடு. பலிக்கவில்லையென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணு. அதுவும் பலிக்கவில்லையென்றால் ஃபார்மட்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. ‘கோப்பு இல்லை’ என்று கணினி சொன்னால் கோப்பு இல்லை. கொண்டுவந்து வைத்தால் தீர்ந்தது. இந்த நம்பிக்கை தவறானது. அதைவிட முக்கியம், புதிதாக நிரல் எழுத வருகிற பிள்ளைகளுக்கு இது பெரிய கெடுதல் செய்கிறது. ஆசிரியர்களும் சீனியர்களுமே இதைச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சிஸ்டம்32 வைத்தியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதிகம் கெடுப்பது அதுதான். சி++-இல் உருவான ஏதோ ஒரு கருவியை மாணவர் ஓடவிடுகிறார். எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை என்கிறது விண்டோஸ். தேடினால் டிஎல்எல் கோப்புகளை ஒற்றை ஒற்றையாகத் தருகிற தளங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒன்றிலிருந்து இறக்கி, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும்போது ‘சரி’ என்று அமுக்கி, சிஸ்டம்32-க்குள் போடுகிறார். பெட்டி மறைகிறது. அடுத்த பெட்டி வருகிறது: விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை. அதையும் இறக்குகிறார். அடுத்து விசிரன்டைம்140_1. அதையும் இறக்கினால், கோப்பின் பெயரே இல்லாமல் 7பி என்று முடியும் ஒரு நீண்ட பிழை எண் வந்து நிற்கிறது. அதற்குமேல் அவருக்கு வழி தெரியவில்லை.

அந்தக் கோப்புகள் தனித்தனி உருப்படிகள் அல்ல. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ கம்பைலரில் உருவான நிரல்களில் பெரும்பாலானவை ஓடும்போது சார்ந்திருக்கும் ஒரே குடும்பம் அது. விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற பெயரில் மைக்ரோசாஃப்டே அதை முழுத் தொகுப்பாக இலவசமாகத் தருகிறது. விஷுவல் ஸ்டுடியோ 2015, 2017, 2019, 2022 ஆகிய நான்குக்கும் ஒரே தொகுப்பு போதும். புதியது பழைய நிரல்களுக்கும் சேர்த்தே வேலை செய்யும். 140_1 என்ற வால் கொண்ட கோப்பு 2019 பதிப்போடுதான் வந்து சேர்ந்தது. 2015 தொகுப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு அது ‘இல்லை’ என்று வருவதன் காரணம் இவ்வளவுதான். தொகுப்பின் புதிய பதிப்பை நிறுவினால் ஐந்து நிமிட வேலை.

அந்த 7பி எண் வருவதற்கும் காரணம் இருக்கிறது. 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64-பிட் கோப்புகள். 32-பிட் கோப்புகளின் இடம் சிஸ்வாவ்64 என்ற வேறொரு ஃபோல்டர். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். ஆனால் நிலைமை அதுதான். 32 என்று எழுதியிருக்கிறதே என்று 32-பிட் கோப்பை சிஸ்டம்32-க்குள் போட்டால், 64-பிட் நிரல் அதை எடுத்துப் பார்த்து ‘இது எனக்கான வடிவம் இல்லை’ என்று நின்றுவிடுகிறது. ஏற்கெனவே இருந்த குறைக்கு மேல் இப்போது புதுக் குறை ஒன்று. அதை உண்டாக்கியது அந்த வைத்தியமேதான்.

பாதுகாப்பு விஷயத்தில் இன்னும் கடுமையாகவே பேச வேண்டும். டிஎல்எல் என்பது படமோ எழுத்தோ இல்லை, ஓடுகிற நிரல். வேறொரு நிரல் அதை ஏற்றிய கணமே அதன் தொடக்கக் கட்டளைகள் இயங்க ஆரம்பித்துவிடும். யார் தொகுத்தது, எந்தப் பதிப்பு, நடுவில் யார் கைவைத்தது என்று எதுவுமே தெரியாத ஒன்றை இயங்குதளத்தின் மையத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறோம். அதே மடிக்கணினியில்தான் அந்தப் பிள்ளையின் வங்கிக் கணக்கும் ஆதார் நகலும் இருக்கின்றன. இதை ஒரு ஆசிரியர் வகுப்பில் சொல்வது பொறுப்பற்ற செயல். மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

இனி நம்பிக்கையின் வேருக்கு வருவோம். கணினி ‘இல்லை’ என்று சொல்லும்போது வட்டு முழுவதையும் சலித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. ஒவ்வொரு நிரலிடமும் தேட வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் ஒரு டிஎல்எல்லைத் தேடும்போது முதலில் அந்த நிரல் இருக்கும் ஃபோல்டரைப் பார்க்கும். பிறகு சிஸ்டம் ஃபோல்டர், விண்டோஸ் ஃபோல்டர் என்று போய், கடைசியாக ‘பாத்’ என்ற அமைப்பில் எழுதியிருக்கும் இடங்களைப் பார்க்கும். சி கம்பைலருக்கு ஹெடர் கோப்புகளுக்கென்று ஒரு பட்டியல், லிங்க்கருக்கு இன்னொன்று, பைத்தானுக்கு அதற்கே உரிய ஒன்று. பட்டியலில் இல்லாத இடத்தில் கோப்பு பத்திரமாக இருந்தாலும் பதில் ‘இல்லை’தான். திருவல்லிக்கேணியில் குடியிருப்பவரை மயிலாப்பூரில் வீடு வீடாக விசாரித்துவிட்டு, ஆள் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுப்பதை ஒத்த பதில் அது.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இது நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும். டர்போ சி++-ஐ எத்தனை ஆண்டுகள் கட்டிக்கொண்டு அழுதோம்! ஸ்டிடிஐஓ.ஹெச் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று அது சொல்லும். கோப்பு இன்க்ளூட் ஃபோல்டரில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் என்ற பெட்டியைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும்: டர்போ சியை நிறுவியது டி டிரைவில், பெட்டியில் எழுதியிருப்பது சி டிரைவின் டிசி ஃபோல்டர். எழுத்து ஒன்றை மாற்றினால் முடிந்தது. சி0எஸ்.ஓபிஜே என்ற கோப்பைக் காணோம் என்று லிங்க்கர் அலறுவதும் இதே கதைதான். அந்தக் கோப்பு லிப் ஃபோல்டரில் இருக்கும், பாதைதான் தப்பாக இருக்கும். இத்தனை தலைமுறை மாணவர்கள் இந்தப் பெட்டியைத் தாண்டி வந்தும், அதிலிருந்து கற்க வேண்டிய பாடத்தைக் கற்காமல் ‘சீனியரிடமிருந்து டிசி ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணு’ என்பதைத்தான் கற்றார்கள்.

லினக்ஸில் இது இன்னும் கண்கூடு. ஃபோல்டரைப் பட்டியலிட்டால் நிரல் எதிரிலேயே தெரிகிறது. பெயரைத் தட்டச்சு செய்து ஓடவிட்டால், அப்படிக் கோப்பே இல்லை என்கிறது ஷெல். பலர் இங்கே கணினிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் அங்கே இல்லாதது நீங்கள் பெயர் சொன்ன நிரல் இல்லை. அதை ஏற்றி ஓட வைக்கும் இன்னொரு கோப்பு. 32-பிட் நிரல் ஒன்றை 64-பிட் உபுண்டுவில் ஓடவிடும்போது, அதற்கான 32-பிட் லோடர் நிறுவப்படாமல் இருந்தால் இப்படித்தான் வரும். விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டைக் கொண்டுவந்து ஓடவிட்டாலும் இதுவே நடக்கும். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கிறது. முதல் வரியில் இருக்கும் பாஷ் என்ற பெயரோடு அந்தக் குறியும் ஒட்டிக்கொள்ள, அப்படியொரு பெயரில் எதுவும் இல்லை என்று லினக்ஸ் சொல்கிறது. வரி முடிவுகளை மாற்றினால் ஸ்கிரிப்ட் ஓடும். இதற்காக லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவியவர்கள் இருக்கிறார்கள். பாஷின் அண்மைய பதிப்புகளில், தேவையான கோப்பு ஒன்று கிடைக்கவில்லை என்று செய்தியின் வாசகத்தையே மாற்றியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்.

விண்டோஸிலும் இதற்கு இணை உண்டு. 126 என்ற எண்ணோடு, குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை என்று வரும். பெயர் சொல்லப்பட்ட டிஎல்எல் அங்கேயேதான் இருக்கும். அது நம்பியிருக்கும் மூன்றாவது ஒன்றுதான் கிடைத்திருக்காது. அந்த மூன்றாவதின் பெயரைச் செய்தி சொல்லாது. 2019 அக்டோபரில் வந்த பைத்தான் 3.8-க்குப் பிறகு இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் ஏராளம். பைத்தான் நூலகங்கள் சார்ந்திருக்கும் டிஎல்எல்களை ‘பாத்’ பட்டியலில் தேடுவதை அந்தப் பதிப்பு நிறுத்திவிட்டது. எந்த ஃபோல்டர் என்று நிரலுக்குள்ளேயே சொல்ல வேண்டும். கோப்பு நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. தேடும் விதிதான் மாறியது. இதற்கு எந்த டவுன்லோடு மருந்தாகும்?

‘நீங்கள் என்ன சொன்னாலும், ரீஇன்ஸ்டால் பண்ணினால் சரியாகிறதே’ என்பார்கள். ஆகிறது, சில சமயம். ஏன் ஆகிறது என்று பாருங்கள். ‘பாத்’ பட்டியலில் புதிய இடத்தைச் சேர்த்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலுக்கு அது தெரியாது. தொடங்கிய நேரத்தில் வாங்கிய பழைய பட்டியலையே அது வைத்திருக்கும். விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினலும் அப்படித்தான். விஎஸ் கோடையே முழுதாக மூடித் திறக்க வேண்டும். மாணவர் எம்ஐஎன்ஜிடபிள்யூ கம்பைலரை நிறுவி, பாத்தையும் சரியாகவே எழுதி, பழைய ஜன்னலிலேயே முயன்று தோற்கிறார். எல்லாவற்றையும் நீக்கி, மறுபடி நிறுவி, கணினியை ரீஸ்டார்ட் செய்கிறார். ஓடுகிறது. ரீஇன்ஸ்டாலுக்குப் புகழ் போய்ச் சேருகிறது. வேலை செய்தது ஜன்னலை மூடித் திறந்தது. இரண்டு மணி நேரமும் ஒன்றிரண்டு ஜிபி டேட்டாவும் போனது போக, காரணம் தெரியாததால் அடுத்த முறையும் இதையே செய்வார்.

உண்மையிலேயே கோப்பு இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆன்ட்டிவைரஸ் பிடித்து அடைத்து வைத்திருக்கலாம். இறக்கம் பாதியில் நின்றிருக்கலாம். கிட்டிலிருந்து எடுத்த புராஜெக்டில் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் இருக்காது, அதை என்பிஎம் கொண்டு நாமேதான் நிரப்ப வேண்டும். உபுண்டுவில் பைத்தான்.ஹெச் இல்லை என்று வந்தால், பைத்தான்3-டெவ் என்ற பொதி நிறுவப்படவில்லை என்று பொருள். ஆனால் இவற்றில் எதிலும் தனிக் கோப்பைத் தேடி எடுத்து வந்து வைப்பது தீர்வில்லை. அந்தக் கோப்பு எந்தப் பொதியைச் சேர்ந்ததோ அந்தப் பொதியை, அதை உருவாக்கியவர்களிடமிருந்தே நிறுவ வேண்டும்.

பிறகு என்னதான் செய்வது? யார் தேடினார்கள், எங்கே தேடினார்கள் என்ற இரண்டையும் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கான கருவிகள் எல்லோர் கணினியிலும் இருக்கின்றன, அல்லது இலவசமாகக் கிடைக்கின்றன. விண்டோஸில் ‘வேர்’, லினக்ஸில் ‘விச்’ என்ற கட்டளைகள், ஒரு பெயரைச் சொன்னால் எந்த ஃபோல்டரில் இருப்பது ஓடப்போகிறது என்று காட்டிவிடும். ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்து, நூலகத்தை ஒன்றில் நிறுவிவிட்டு நிரலை மற்றொன்றில் ஓட்டும் குழப்பம் இந்த ஒரு கட்டளையில் வெளிச்சமாகிவிடும். ஜிசிசி கம்பைலரிடம் விவரமாகப் பேசச் சொல்லும் ‘வி’ என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், ஹெடர்களை எந்தெந்த ஃபோல்டரில் தேடுகிறது என்று வரிவரியாக எழுதிக் காட்டும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கி, 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சிஸ்இன்டர்னல்ஸின் பிராசஸ் மானிட்டர் இருக்கிறது. ஒரு நிரல் தட்டிய கதவுகள் அத்தனையையும், கிடைத்த பதிலையும் அது பதிவு செய்யும். பெயர் இல்லை என்று பதில் வந்த வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், 126-ஆம் எண் மறைத்த அந்த மூன்றாவது கோப்பின் பெயர் அங்கே இருக்கும். தேடல் பல இடங்களில் நடப்பதால் அப்படிப்பட்ட வரிகள் நிறைய வருவது இயல்பு. கடைசிவரை எங்குமே கிடைக்காத பெயரைத்தான் பிடிக்க வேண்டும். லினக்ஸில் இதே வேலைக்கு எஸ்டிரேஸ்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், செய்தியை முழுதாகப் படிக்க வேண்டும். திரையை மொபைலில் சாய்வாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கோப்பின் பாதை இருக்கும் பகுதிதான் பெரும்பாலும் வெட்டுப்பட்டிருக்கும். விண்டோஸின் சாதாரணப் பிழைப் பெட்டி திறந்திருக்கும்போது கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கினால் அதன் வாசகம் முழுவதும் நகலாகிவிடும். இந்தச் சின்ன விஷயத்தை எந்த லேபில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

எனக்கு உண்மையான வருத்தம் கணினிகளைப் பற்றியது இல்லை. சிறு ஊர்களிலிருந்து வந்து, முதல் தலைமுறையாகப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இந்தப் பெட்டியைச் சந்திக்கிறார்கள். டவுன்லோடு, ரீஇன்ஸ்டால், ஃபார்மட் என்று மூன்று படியும் ஏறி விழுந்த பிறகு, ‘எனக்கு கோடிங் வராது’ என்று தீர்மானித்துவிடுகிறார்கள். அவர்கள் அதுவரை ஒரு வரி கோடிங்கும் செய்திருக்கவில்லை. தப்பாக எழுதப்பட்ட ஒரு ஃபோல்டர் பெயருக்காக ஒரு பிள்ளை தன் திறமையின் மேல் தீர்ப்பு எழுதிக்கொள்வதை நாம் அனுமதிக்கக் கூடாது.

லேப் எடுக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பருவத்தின் முதல் வகுப்பில், எல்லாக் கணினியிலும் பாத் பட்டியலிலிருந்து கம்பைலரின் ஃபோல்டரை நீங்களே எடுத்துவிடுங்கள். ‘இல்லை’ என்ற செய்தி வரட்டும். இணையத்தை நிறுத்திவைத்து, எங்கே தேடியது என்பதை மாணவர்களே கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு மணி நேரம் கொடுங்கள். முதல் நிரலை அதற்கு அடுத்த வகுப்பில் எழுதலாம்.