பிறந்த தேதி ஒரு பூட்டா?

மக்களே, முதலில் ஒரு சின்னக் கணக்கு. எட்டு இலக்கம் உள்ள ஒரு கடவுச்சொல்லை எத்தனை விதமாக அமைக்கலாம்? பத்து கோடி விதமாக. அதே எட்டு இலக்கம் ஒருவருடைய பிறந்த தேதி என்று தெரிந்துவிட்டால்? ஒரு கல்லூரி வகுப்பில் இருப்பவர்கள் அநேகமாக மூன்று வருட இடைவெளிக்குள் பிறந்தவர்கள்தான். மூன்று வருடத்துக்கு, லீப் வருடத்தையும் சேர்த்து, 1,096 நாள். அவ்வளவுதான்! பத்து கோடி, ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. அப்பா, தாத்தா காலத்து ஆட்களின் நிலை இன்னும் மோசம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட ஜூன் மாதத் தேதிதான் அவர்களில் பலருக்குப் பிறந்த தேதியே :-)

அந்த 1,096 முயற்சியும் யாருக்குத் தேவை? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "ஹேப்பி பர்த்டே மச்சி" என்று அறுபது பேர் கத்துகிறோம். கொஞ்சம் வசதியான பையன் என்றால் முச்சந்தியில் ஃப்ளெக்ஸே வைத்துவிடுகிறார்கள். இப்படி ஊரறிந்த ஒரு விஷயத்தைத்தான் கல்லூரிகளும் அலுவலகங்களும் நமக்குச் சாவியாகக் கொடுக்கின்றன. இதைத்தான் நான் எதிர்க்கிறேன். பிறந்த தேதி ஓர் அடையாளம், ரகசியம் அல்ல. கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதி திருட்டுப் போனால் மறுபடியும் பிறந்தா வரமுடியும்?

எங்கள் கல்லூரியின் மாணவர் தளத்தைப் பாருங்கள். பயனர் பெயர் பதிவு எண், கடவுச்சொல் பிறந்த தேதி. பதிவு எண்கள் அகர வரிசையில் அடுத்தடுத்து வருபவை. என் எண் தெரிந்தால் பக்கத்துப் பெஞ்சுக்காரனின் எண்ணும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது? மதிப்பெண் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். வீட்டு முகவரி, பெற்றோரின் கைபேசி எண், உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கு எண், புகைப்படம் எல்லாம் இருக்கின்றன. ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுக்க நினைக்கும் ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்? நாளைக்கு அவளுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், "நீ எங்கேம்மா நம்பரைக் கொடுத்தே?" என்று அவளைத்தான் கேட்பார்கள். அவள் எங்கும் கொடுக்கவில்லை ஐயா. நீங்கள்தான் கதவைத் திறந்து வைத்தீர்கள்.

இது கல்லூரியோடு நிற்கவில்லை. இணையத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். பெயர் தெரிந்தவனுக்கு மிச்சம் இருப்பது வருடம் மட்டும். நூறு வருடத்தையும் முயன்று பார்த்தாலும் நூறு முயற்சிதான். ஏடிஎம் போல மூன்று தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும் வசதியும் அந்தக் கோப்புக்குக் கிடையாது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் பிரிண்ட் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன ஆதார் கோப்புகள் எத்தனை கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்படியெல்லாம் நடக்குமா என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2008 செப்டம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒருவர் நுழைந்தார். பெரிய ஹேக்கர் எல்லாம் இல்லை, இருபது வயதுக் கல்லூரி மாணவர். "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று சொடுக்கினார். யாஹூ பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகியவற்றைக் கேட்டது. விடைகளை இணையத்தில் தேடியே கண்டுபிடித்துவிட்டார். 2010ல் அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த அம்மா கவனக்குறைவாக இருந்தார் என்று யாராவது சொல்ல முடியுமா? பிறந்த தேதியைப் பூட்டாக வைத்தது யாஹூ.

ஆனால் நம்மிடம் என்ன சொல்கிறார்கள்? "எச்சரிக்கையாக இருங்கள்." போன பருவத்தில் ஒரு சைபர் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டு மணி நேரம், ஐம்பது ஸ்லைடு. நடுவில் வருகைப் பதிவுக்கு ஒரு தாளைச் சுற்ற விட்டார்கள். பெயர், பதிவு எண், கைபேசி எண், பிறந்த தேதி! கடைசி வரிசைக்குத் தாள் வந்து சேர்ந்தபோது முன்வரிசைக்காரர்களின் கணக்குகள் எல்லாம் எங்கள் கையில் இருந்தன. மேடையில், "தனிப்பட்ட தகவலைப் பகிராதீர்கள்" என்று பேசிக்கொண்டிருந்தார் ஒருவர். அழுவதா சிரிப்பதா?

"பிறந்த தேதி என்றால்தான் யாரும் மறக்கமாட்டார்கள், அதுதான் வசதி" என்பார்கள். வசதி யாருக்கு? உதவி மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. சேர்க்கையின்போது கொடுக்கும் சீட்டில் ஆளுக்கொரு எண்ணை அச்சடித்து, முதல் முறை நுழையும்போது கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். இது எங்கள் இரண்டாம் ஆண்டுப் பசங்களே ஒரு மதியத்தில் எழுதிவிடக்கூடிய நிரல். "மாணவன் கணக்கில் என்ன புதையலா இருக்கு?" என்பார்கள். புதையல் இல்லை, வீட்டு முகவரி இருக்கிறது. அது போதும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலை வைத்திருப்பவர் போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை தூங்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நம்ம பசங்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். "சும்மா ஜாலிக்குத்தான் சார்" என்பதெல்லாம் அங்கே எடுபடுமா என்று சோதித்துப் பார்க்காதீர்கள்.

அவர்கள் மாறும்வரை நாம் சும்மா இருக்கவும் வேண்டாம். பிறந்த தேதி கடவுச்சொல்லாக இருக்கும் கணக்கு எது இருந்தாலும் இன்றைக்கே மாற்றுங்கள். ஏடிஎம் எண்ணாகப் பிறந்த வருடத்தை வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் சொல்லுங்கள். புதியது நீளமாக இருக்கட்டும். தொடர்பே இல்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் போதும். அடிக்கடி மாற்று, குறியீடு சேர் என்ற பழைய விதிகளை, முன்பு அப்படிப் பரிந்துரைத்த அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனமே 2017ல் கைவிட்டு நீளத்துக்கு முக்கியத்துவம் கொடுத்தது. ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் போடாதீர்கள். 2012ல் லிங்க்ட்இன் தளத்தில் திருடியவை 2016ல் விற்பனைக்கு வந்தபோது 11 கோடிக்கும் மேல் இருந்தன. அவற்றை மற்ற தளங்களில் போட்டுப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? பாதுகாப்புக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிறந்த ஊர் "வெங்காய சாம்பார்" என்று தாராளமாகப் போடுங்கள், எழுதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல் கேட்டால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. அடுத்த முறை ஒரு தாளோ படிவமோ உங்கள் பிறந்த தேதியைக் கேட்டால், பேனாவை எடுப்பதற்கு முன் வாயைத் திறங்கள். "எதுக்கு சார்?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் திமிர் என்பார்கள். அறுபது பேரும் கேட்டால் படிவத்தை மாற்றுவார்கள்.